மதகடி ஏற்றத்தில் யார் இறங்குவது

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அதற்குப் பிறகு நான் கட்டியவற்றைச் சொல்கிறேன். தண்ணீரே வராது என்று எல்லாரும் சொன்ன பாறைக் காணியில் கிணறு கட்டினேன். சீமெந்து வன்னிக்குள் வராத காலத்தில் களிமண்ணும் சுண்ணாம்பும் குழைத்து வீடு கட்டினேன். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த மெசினை மண்ணெண்ணெயில் ஓடவிட்டு அரிசி ஆலை போட்டேன். ஒரு சைக்கிளோட்டச் சாம்பியனையும் உருவாக்கினேன். முதல் மூன்றையும் ஊர் ஒப்புக்கொள்கிறது. நாலாவதைச் சொன்னால் சிரிக்கிறது.

எங்கள் விளையாட்டுக் கழகம் இப்போது நினைவு மலர் ஒன்று போடப்போகிறது. அந்தச் சாம்பியன் வென்ற ஓட்டத்துக்கு அதில் ஒரு முழுப்பக்கமாம். சாம்பியன் இருக்கிறார். விசில் ஊதிய மாஸ்டர் இருக்கிறார். சோடா உடைத்துக் கொடுத்த கடைக்காரர்கூட இருக்கிறார். நான் இல்லை. அதனால்தான் பேனையை எடுத்தேன்.

பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் பெற்றோல் எங்களுக்கு மருந்துச் சாமான் மாதிரி. வீதி முழுக்கச் சைக்கிள்தான். நான் முல்லைத்தீவுக் கரையில் கூரை வேயும் தென்னோலைக் கிடுகு வாங்கி, புதுக்குடியிருப்புக்கு மேற்கே இடம்பெயர்ந்து வந்து கொட்டில் போட்டிருந்த சனங்களுக்குக் கொண்டுபோய் விற்றேன். பாரம் தாங்கச் சைக்கிளின் முன்கவருக்கு இரும்பு வைத்து ஒட்டி, பழைய ரியூப் கீலங்களால் கிடுகை இறுக்கிக் கட்டினால், பின்னால் ஒரு மதில் எழும்பி நிற்கும். வீதியில் தார் மிஞ்சியது நடுவில் ஒரு கோடு மட்டும். இரண்டு பக்கமும் கிறவலும் மணலும்.

அந்தக் கோட்டுக்குச் சட்டம் இருந்தது. பாரச் சைக்கிளுக்கு வெறும் சைக்கிள் தாரைவிட்டு இறங்கிக் கொடுக்கும். ஏற்றம் வந்தால், வெறும் சைக்கிள்காரர் பின்னால் வந்து பாரத்தில் ஒரு கையை வைத்து உச்சிமட்டும் தள்ளிவிடுவார். உச்சியில் தார் கொஞ்சம் அகலம். அங்கே பாரக்காரர் ஒதுங்கி, தள்ளியவரை முந்தவிடுவார். நன்றி என்று ஒருவரும் வாயால் சொல்வதில்லை. அந்த ஒதுங்கல்தான் நன்றி.

இந்தச் சட்டம் தெரியாமல் ஒருவர் வந்து சேர்ந்தார். முந்திக் கொழும்பில் சைக்கிள் ஓடுவதற்கென்றே சம்பளம் வாங்கியவராம். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவரை எங்கள் கழகம் முட்டையும் பாலும் கொடுத்து வைத்துக்கொண்டது. அவருடைய சைக்கிளில் மட்கார்ட் இல்லை, கரியர் இல்லை, மணியும் இல்லை. மணி பாரமாம்.

முதல்நாள் காலை, மதகடி ஏற்றத்துக்குக் கிட்ட, பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

"அண்ணை, ஓரம்! ஓரம்!"

எனக்குத் திரும்பிப் பார்க்க வழியில்லை. முதுகுக்குப் பின்னால் கிடுகு.

"ஆர் தம்பி அது? பாரச் சைக்கிளோ, வெறும் சைக்கிளோ?"

"ரேஸ் சைக்கிள் அண்ணை!"

"பின்னாலை என்ன கட்டியிருக்கு?"

"ஒண்டுமில்லை."

"அப்ப வெறும் சைக்கிள். நீர் இறங்கும்."

"நான் பயிற்சி எடுக்கிறன் அண்ணை. ஓட்டம் வருகுது."

"பயிற்சி எத்தினை கிலோ வரும்? என்ரை கரியரிலை வையும், நான் கொண்டுபோறன்."

அவரால் இறங்கவும் முடியாது. பெருவிரல் பருமனில் ரயர். கிறவல் கிழித்தால் வேறு ரயருக்கு எங்கே போவது? ஆகவே என் பின்னாலேயே ஊர்ந்து வந்தார். ஏற்றத்தின் நடுவில் என் சைக்கிள் நிற்கப் பார்த்தது. நான் நின்றால் அவரும் நிற்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கிடுகில் ஒரு கை விழுந்தது. உச்சியில் நான் ஒதுங்கினேன். அவர் பறந்துவிட்டார்.

அதன் பிறகு காலைதோறும் அதுதான் நடந்தது. ஒரு கை ஹாண்டிலில், ஒரு கை என் கிடுகில். "உந்தக் கிடுகுக்காரன் பயிற்சியைக் கெடுக்கிறான்" என்று அவரைப் பழக்கிய மாஸ்டர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நான் கேட்கிறேன்: கிடுகு மதிலைத் தள்ளி ஏறிய கால், தன் உடம்பை மட்டும் ஏற்றப் பஞ்சிப்படுமா?

ஓட்டத்தன்று வீதியை விட்டுத்தரச் சொல்லி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மாரி இருட்டிக்கொண்டு நின்றது. விசுவமடுப் பக்கம் ஒரு குடும்பம் கூரையில்லாமல் எனக்காகக் காத்திருந்தது. நான் கிடுகைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

மதகடி ஏற்றத்தில் அவர்கள் என்னைப் பிடித்தார்கள். வெளியூர்க்காரர் இரண்டு பேர் முன்னால், எங்கள் ஆள் மூன்றாவதாக. முன்னால் வந்தவர்கள் "ஓரம்! ஓரம்!" என்று கத்தினார்கள்.

"வெறும் சைக்கிள்தான் இறங்கவேணும்!" என்றேன்.

இறங்கினார்கள். ஒருவருக்கு ரயர் வெடித்தது. மற்றவர் மணலில் புதைந்து விழுந்தார். மூன்றாவது ஆள் கத்தவில்லை. கிடுகில் கை விழுந்தது. உச்சியில் நான் ஒதுங்கினேன். அவர் போனார். முடிவுக்கோடு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

விழுந்தவர்கள் முறைப்பாடு கொண்டுவந்தார்கள். "ரெண்டு பேரும் பேசிவைச்சுச் செய்தது!" என்றார்கள். என்னைக் கிடுகோடு மேடைக்கு முன்னால் மறித்து வைத்துக்கொண்டு விசாரணை நடந்தது. நடுவர் முதலில் எங்கள் ஆளைக் கேட்டார்.

"இவரைத் தெரியுமோ?"

அவர் என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "இல்லை ஐயா. ஆரோ கிடுகுக்காரர்."

நடுவர் என்னிடம் திரும்பினார். "உமக்கு இவரைத் தெரியுமோ?"

நான் தலையாட்டியிருந்தால் அந்த வெற்றிக் கிண்ணம் அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

"வெறும் சைக்கிள்காரர் கனபேர் போவினம் ஐயா. எல்லாற்றை முகத்தையும் பாக்க என்ரை முதுகிலை கண்ணில்லை" என்றேன்.

சனம் சிரித்தது. நடுவரும் சிரித்தார். நான் சொன்னது பொய்யுமில்லை. அதுவரை அவருடைய கைதான் எனக்குப் பழக்கம்.

கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நன்றி சொன்னார். வற்றாப்பளை அம்மனுக்கு, மாஸ்டருக்கு, முட்டை கொடுத்த வீடுகளுக்கு. "வீதியிலை வந்த இடைஞ்சலுகளையும் தாண்டி" என்று முடித்தார்.

கூட்டத்தில் பக்கத்தில் நின்ற என் மனைவி என் விலாவில் இடித்தாள். "உங்களைத்தான் சொல்லுறார். கையைத் தட்டுங்கோவன்."

தட்டினேன். வேறு என்ன செய்ய?

அவர் இப்போது வெளிநாட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். முறைப்பாடு செய்தவர்களைத் தேடினாலும் கிடைக்கமாட்டார்கள். இனி அந்தக் கிண்ணத்தை ஒருவரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை. ஆகவே மலர்க்குழுவுக்குச் சொல்கிறேன். கிண்ணத்தில் பாதி எனக்கு வேண்டாம். மதகடி ஏற்றத்தில் அவர் தள்ளியது என்னை, உச்சியில் தாரை விட்டுக்கொடுத்தது நான் என்று அந்தப் பக்கத்தில் அச்சடிக்க வேண்டும். 'ஆரோ கிடுகுக்காரர்' என்று போட்டு ஏமாற்ற வேண்டாம். என் பெயரை முதலெழுத்தோடு, பிழையில்லாமல், அவருடைய பெயருக்கு நேர் கீழே போடுங்கள்.