பிளாஸ்டர் சுற்றிய நான்கு வயர்கள்

எனக்குத் துடைக்கிற வியாதி இருக்கிறது. கையில் துணி இல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. இத்தாலிக்கு, இந்த பலேர்மோவுக்கு வந்த நாள் முதல் அடுத்தவர் வீட்டைத் துடைத்தே சீவிக்கிறவளுக்கு வேறென்ன வரும்? ஆனால் இந்த மாசி மாதம் நான் துடைத்த துடைப்பை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற முதலாளியம்மாவின் வீடு பொலிதேயாமா தியேட்டருக்குப் பின்னால், நாலாம் மாடியில். பழைய வீடு. குளிர்காலத்துக்குச் சமையலறையில் கேஸ் கொதிகலன், கோடைக்குக் கூரைக்குள் ஏசி. இரண்டும் தனித்தனி. இரண்டையும் ஃபோனிலேயே இயக்கலாம் என்று மிலானோவில் இருக்கும் அவருடைய மகன் சுவரில் பூட்டுகிற ஒரு ஸ்மாட் தெர்மோஸ்டாட் பெட்டி அனுப்பியிருந்தான்.

"உன் கணவருக்கு வயரிங் தெரியுமென்றாயே, அவரே பூட்டட்டும். ஒழுங்காகச் செய்தால் கீழே கட்டடக் காவலாள் வேலைக்கு நானே அவருக்காகக் கதைக்கிறேன்" என்றார் சிஞ்ஞோரா.

"ஸி, சிஞ்ஞோரா" என்றேன். நாள் முழுக்க நான் சொல்கிற 'ஓம்' அதுதான். என் கணவர் வேலை செய்த உணவகம் மூடிப் பல மாதமாகிவிட்டது. காவலாள் வேலையோடு கீழே இரண்டு அறையும் கிடைக்கும். பல்லரோச் சந்தைப் பக்கம் நாங்கள் இருக்கிற அறையின் சுவர் ஈரத்தில் உரிந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஆசை எனக்குத் தலைக்கேறிவிட்டது.

இவர் அயர்ன் பண்ணிய சேட்டோடு வந்தார். மெயினை நிறுத்திவிட்டுப் சுவரில் இருந்த பழைய தெர்மோஸ்டாட் பெட்டியைத் திறந்தார். சுவருக்குள்ளிருந்து நான்கு வயர்கள். எந்தப் புண்ணியவானோ சுவருக்குப் பெயின்ட் அடித்தபோது அவற்றுக்கும் சேர்த்து அடித்திருந்தான், நான்கும் ஒரே வெள்ளை.

"உம்மட்டைப் பிளாஸ்டர் இருக்கோ?" என்று கேட்டார். விரல் வெட்டினால் ஒட்டுகிற பிளாஸ்டரைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வயர்களைக் கழற்றக் கழற்ற ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைச் சுற்றி, சூட்டுக்கு 'சூ', குளிருக்கு 'கு' என்று பேனையால் எழுதினார்.

"ரெண்டுக்கும் கரண்ட் வேறை வேறை வழியாலை வருது. மாறிப் பூட்டினா அவ்வளவுதான்" என்றார். புதுப் பெட்டிக்குள் அந்த இரண்டு வழியையும் இணைத்திருந்த சின்னக் கம்பித் துண்டையும் மறக்காமல் கழற்றினார். பிறகு, சுவருக்கு ஏற்ற ஆணி வாங்க போர்கோ வெக்கியோவில் இருக்கிற இரும்புக் கடைக்குப் போனார்.

அவர் போனதும் சிஞ்ஞோராவின் செருப்புச் சத்தம் கேட்டது. சுவரைப் பார்த்தேன். மை ஊறிய பிளாஸ்டர்கள், புண்ணுக்குக் கட்டியதுபோல அசிங்கமாகத் தொங்கின. இதைப் பார்த்தால் இவரைப் பற்றி என்ன நினைப்பார்? நான்கையும் உரித்தேன். ஈரத் துணியால் வயரையும் ஒரு துடை துடைத்துவிட்டேன். எட்டிப் பார்த்த சிஞ்ஞோரா, "பிராவா!" என்று மெச்சினார். மொக்குப் பெட்டை, நான் குளிர்ந்துபோனேன்.

இவர் திரும்பி வந்தபோது சிஞ்ஞோரா சால்வையைப் போர்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

"எங்கையப்பா பிளாஸ்டர்?"

"நான் காணேல்லை" என்றேன். நாக்கு அப்படியே சொல்லிவிட்டது.

இவர் என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கரண்ட் பாக்கிற ரெஸ்ரர் இல்லாமல் பிடிக்கேலாது. நாளைக்குக் கொண்டுவந்து பாப்பம்."

"இண்டைக்கே முடியுங்கோ. அவ பாத்துக்கொண்டு நிக்கிறா."

வயர் வளைந்திருந்த விதத்தை வைத்து, நினைவில் இருந்தபடி பூட்டினார். மெயினைப் போட்டதும் பெட்டியின் திரை வெளிச்சமாகியது. 'டிக்' என்றொரு சத்தம். திரை இருண்டது. கொதிகலனும் உயிர் விட்டது.

"கழற்றும்போது அடையாளம் வைக்கத் தெரியாதா உனக்கு?" என்று கத்தினார் சிஞ்ஞோரா.

"மறந்துபோனேன், சிஞ்ஞோரா" என்றார் இவர்.

அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்தான். "நான் அப்பவே சொன்னேன்! உங்களுக்கு எதிலும் கவனமில்லை, எப்போதும் இப்படித்தான்!" என்று இவரைப் பார்த்து இத்தாலியனில் கத்தினேன். எங்களுக்குள் நாங்கள் ஒருநாளும் இத்தாலியனில் கதைத்ததில்லை. எங்கள் சண்டைகூடத் தமிழில்தான் நடக்கும். சிஞ்ஞோராவுக்கு விளங்க வேண்டுமென்றே அப்படித் திட்டினேன். அவர் என் தோளைத் தட்டி, "பாவம் நீ" என்றார். அந்தக் கையை நான் தட்டிவிடவில்லை. சீ, என்ன மனுசி நான்!

சிஞ்ஞோரா வேறொரு திருத்துகிறவனுக்கு ஃபோன் எடுத்தார். காவலாள் வேலையைப் பற்றி அதன் பிறகு ஒரு கதையும் இல்லை.

பஸ் பிடித்து வந்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னேன். "பிளாஸ்டரை நான்தான் உரிச்சனான்."

"தெரியும்."

"பிறகேன் மறந்துபோனதெண்டு சொன்னியள்?"

"உமக்கெண்டாலும் வேலை இருக்கோணும்."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அடுப்பைப் பற்ற வைத்து, "தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டேன்.

இவர் சேட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஸி, சிஞ்ஞோரா" என்றார்.