கிணற்றடியிலிருந்து வந்த இன்ஜின்

முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளமுள்ள ஒரு ஸ்க்ரூடிரைவர். மரக்கைப்பிடி எண்ணெயும் வியர்வையும் ஊறிக் கறுத்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் மீது அதன் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதோடு பொருத்திக் கண்களை மூடிக்கொண்டு சார்ஜ்மேன் அண்ணன் நிற்பார். ஆவடியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், பழுது பார்த்த இன்ஜின்களை ஓட்டிப் பார்க்கும் கொட்டகைக்கு அவர் பொறுப்பாளர். நான் அங்கே பதிவேடு எழுதும் குமாஸ்தா. வெப்பம், எண்ணெய் அழுத்தம் என்று எல்லாவற்றுக்கும் கருவிகள் இருந்தன. சத்தத்துக்கு அவருடைய காது மட்டும்தான். கண்ணைத் திறந்து அவர் "பாஸ்" என்றால் நான் அந்தக் கட்டத்தை நிரப்புவேன். அவர் கேட்டு முடித்தபின் வேறு யாரும் வாய் திறப்பதில்லை. அது எழுதி வைத்த விதி அல்ல. பெரிய அதிகாரிகள்கூட அதை மீறி நான் பார்த்ததில்லை.

குடியிருப்பில் எங்களுக்கு ஒரே சுவர். அவர் பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவர். நான் கும்பகோணம் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவன். அவருடைய மனைவியை அக்கா என்று அழைத்தேன். அக்காவுக்கு ஊர் நசரத்பேட்டை. அவருடைய அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் டிரைவராக இருந்தவர். துரை சீமைக்குத் திரும்பும்போது தன் காரை டிரைவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத, பந்தயக் கார் சாயலில் இருந்த சிவப்புக் கார். பெங்களூர் சாலையிலிருந்து அது தெருவுக்குத் திரும்புவதற்கு முன்பே, சத்தத்தை வைத்து "நைனா வந்துட்டாரு" என்று சிறுமியான அக்கா வாசலுக்கு ஓடுவாராம். பிறகு மழை பொய்த்த ஒரு வருஷம், பயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல், காரிலிருந்து இன்ஜினைக் கழற்றிக் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கப் பூட்டினார்கள். காரில் ஒரு பழைய டாக்சியின் இன்ஜினை வைத்தார்கள். சில வருஷங்களில் அதுவும் நின்றுபோக, கார் வீட்டுக்குப் பின்னால் கீற்றுக்கொட்டகையில் முடங்கியது.

எண்பத்தேழாம் ஆண்டின் கோடையில் அக்காவின் அப்பா இறந்தார். கிணற்றுக்கு மின்மோட்டார் வந்துவிட்டது; பழைய இன்ஜினை இரும்புக்கடைக்குப் போடப்போகிறார்கள் என்று காரியத்துக்குப் போன இடத்தில் பேச்சு வந்தது. எதற்கும் வாய்விட்டு ஆசைப்படாத அக்கா அன்று கணவரிடம் ஒன்று கேட்டார். "நைனா வண்டி சத்தத்த இன்னொரு தபா கேக்கணும் போல கீது. முடியுமா?" அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காரும் இன்ஜினும் ஒரே லாரியில் எங்கள் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தன. நான் டைரி எழுதுகிறவன் என்பதால் இந்த வேலைக்கும் ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு ஞாயிறும் என்ன நடந்தது என்று குறித்து வந்தேன்.

காற்றுப் போகும் துளைக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. உள்ளே துரு. கிணற்றுத் தண்ணீரின் உப்பு, நீரோடும் வழிகளைப் பாதி அடைத்திருந்தது. பூந்தமல்லியில் லேத் பட்டறை வைத்திருந்த பாய்தான் சிலிண்டர்களைக் கடைந்து கொடுத்தார். அந்தக் காலத்து இன்ஜினுக்குப் பேரிங் கடையில் கிடைக்காது. உலோகத்தை உருக்கி ஊற்றி, தண்டுக்குப் பொருந்தும் வரை கையால் சுரண்ட வேண்டும். ஊற்றியது பாய். சுரண்டியது அண்ணன். தண்டில் நீலமையைத் தடவிப் பொருத்திப் பார்த்து, மை ஒட்டிய மேடுகளை மட்டும் வழித்தெடுத்து, மறுபடி பொருத்திப் பார்ப்பார். ஒரு பேரிங்குக்கே ஒரு முழு ஞாயிறு போகும். "இன்னாபா, பொண்ணுக்கு மை தீட்றா மாதிரி தீட்டிகினு கீற?" என்று பாய் கிண்டல் செய்வார். "பொண்ணோட அப்பன் ஊட்டுச் சொத்துபா. ஒரு கீறல் வுழுந்தா ராத்திரி எனக்குச் சோறு கிடையாது" என்பார் அண்ணன்.

அந்த மாதங்களில்தான் ஒன்றைக் கவனித்தேன். சுவருக்கு அப்பால் அவர்கள் வீட்டு ரேடியோவின் சத்தம் கூடிக்கொண்டே போனது. பின்னாலிருந்து கூப்பிட்டால் அண்ணன் திரும்பவில்லை. கொட்டகையில் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடி காதிலிருந்து நகர்ந்து கன்னத்து எலும்பின் மேல் அழுந்த ஆரம்பித்திருந்தது. முப்பது வருஷம் இன்ஜின்களுக்கு நடுவே நின்ற காது. நான் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் அவரைக் கொட்டகையிலிருந்து மாற்றிவிடுவார்கள். அதைவிட, அவருக்கே தெரியுமா என்பது எனக்குத் தெரியவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிறு காலையில், காரில் திரும்பப் பூட்டிய இன்ஜின் உயிர் பெற்றது. அடுப்படியிலிருந்து அக்கா ஈரக்கையோடு ஓடிவந்து வாசற்படியில் நின்றார். கனமான, சற்றுக் கரகரத்த, அடிவயிற்றிலிருந்து எழும் குரல் அதற்கு. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் வேகத்தைக் கூட்டினார், விட்டார். மறுபடி கூட்டினார், விட்டார். வேகம் இறங்கும் அந்தக் கணத்தில் மட்டும், எவர்சில்வர் டம்ளரை நகத்தால் சுண்டியது போல மெல்லிய தட்டல் ஒன்று கேட்டது. கீழே ஏதோ ஒரு பேரிங்கில் மயிரிழை அதிக இடைவெளி. கொட்டகையில் அத்தனை வருஷம் நின்றதில் எனக்கும் அவ்வளவு தெரிந்திருந்தது. அடிச்சட்டியைக் கழற்றிச் சரிசெய்தால் அரைநாள் வேலை.

அண்ணன் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் கன்னத்தில் அழுத்திக் கண்ணை மூடினார். நெடுநேரம் நின்றார். நான் காத்திருந்தேன். கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். "பாஸ். எழுதிக்க தம்பி."

எழுதினேன். 'சத்தம் சரி.' நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

அன்று பிற்பகலே இருவரும் நசரத்பேட்டைக்குக் கிளம்பினார்கள். நான் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். வழியில் பூந்தமல்லியில் பாயின் பட்டறை முன்னால் நிறுத்தினார்கள். பாய் இன்ஜினைத் தட்டிக் கொடுத்தார், சிரித்தார், காதைச் சற்றுச் சாய்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"இன்னாபா, உள்ள ஏதோ தட்றா மாதிரி கீதே?"

"அண்ணன் கேட்டுப் பாத்துட்டாரு பாய்."

"அவரே பாஸ் பண்ட்டாரா?"

"பண்ணிட்டாரு."

"அப்ப சரி. நமக்கு இன்னா தெரியும்" என்றார் பாய். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு நொடி நின்றார். நான் ஸ்கூட்டரை உதைத்தேன்.

பெங்களூர் சாலையில் ஊர் எல்லை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அது நடந்தது. சம்மட்டி அடித்தது போல ஒரு சத்தம். காரின் அடியிலிருந்து கறுப்பெண்ணெய் கொட்டிக்கொண்டே வந்தது. கார் சாலையோரப் புளியமரத்தடிக்கு உருண்டு போய் நின்றது. அண்ணன் மூடியைத் திறந்தார். உள்ளே பிஸ்டன் தண்டு முறிந்து, இன்ஜினின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. கைநுழையும் அளவுக்கு ஓட்டை. வார்ப்பிரும்பு அப்படி உடைந்தால் ஒட்ட வைப்பதற்கில்லை. பாய் பிறகு இரண்டு முறை முயன்று பார்த்தார். இரண்டு முறையும் ஆறும்போது விரிசல் விட்டது. துரையின் காருக்கென்று செய்த அந்த ஒரு இன்ஜின் அத்தோடு முடிந்தது.

மரத்தடியில் அண்ணன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கை போச்சு தம்பி. சொரண்டத் தெரியல எனக்கு. கை போய்டுச்சு." அக்கா அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து, முந்தானையால் அவர் விரல்களில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை அல்ல அண்ணே, காது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதன் பிறகு வீட்டில் அவர் ஒரு திருகாணியைக்கூட முடுக்கவில்லை. குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிட்டார். தொழிற்சாலையில், தானே கேட்டு, பண்டகசாலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். ஓய்வு பெறும் வரை அங்கே பெட்டிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காரை அக்காவின் தம்பிகள் எடுத்துப் போனார்கள்.

பத்து வருஷம் கழித்து, தொண்ணூறுகளின் கடைசியில், மேனாம்பேட்டில் அவர்கள் கட்டிய வீட்டுக்குப் போயிருந்தேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் ரயிலேறினேன். தன் கையைப் பழித்துக்கொண்டே ஒருவர் கிழவராவதைப் பார்த்துக்கொண்டிருப்பது கடினம். அண்ணனுக்கு அப்போது சுத்தமாகக் காது கேட்காது. மடியில் ஒரு நோட்டுப் புத்தகம்; வருகிறவர்கள் அதில் எழுதிக் காட்ட வேண்டும். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அக்கா எதிரில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

எழுத முதலில் கை வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்து வாயால் சொன்னேன். அன்று காலையில் அந்தத் தட்டல் எனக்குக் கேட்டது அண்ணே, நான்தான் சொல்லாமல் விட்டேன். அண்ணன் என் உதடுகளையே கூர்ந்து பார்த்துவிட்டு, "ஆமா தம்பி, இந்த வருசம் வெயிலு ஜாஸ்தி" என்றார். நான் அவர் மடியிலிருந்த நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தேன்.

"வுடு தம்பி" என்றார் அக்கா.

நிமிர்ந்தேன். மொச்சையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குந்தான் கேட்டுச்சு. பொறந்ததுலேர்ந்து கேட்ட சத்தம், எனக்குத் தெரியாதா? வண்டில ஏறி ஒக்காரும்போதே தெரியும்." விரல்கள் இன்னும் இரண்டு காய்களை உரித்தன. "அம்மாம் ஆசையா என் மூஞ்சியப் பாத்துகினு நின்னாரு. இன்னான்னு சொல்றது?"

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சொல்றான்? இன்னா எழுதறான்?" என்று, தன் குரல் தனக்கே கேட்காதவர்களின் உரத்த குரலில் கேட்டார்.

அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். நோட்டையும் பேனாவையும் என் கையிலிருந்து வாங்கி, கொட்டை எழுத்தில் எழுதி அவரிடம் காட்டினார்.

'காபி வேணுமாம்.'

"அதக் கேக்கறதுக்கு இன்னாடா வெக்கம்?" என்று அண்ணன் சிரித்தார். "எனக்கும் ஒண்ணு போடு."

அக்கா உள்ளே போனார். அண்ணன் என் கையை மறுபடி பிடித்துக்கொண்டார்.