ரொட்டிக்கடை வாசலில் ஒரு கருங்கல் நாய்

கோல்டன்ராய்ட் ஊரில் சிற்பி என்று சொல்லிக்கொள்ள ஒரே ஆள்தான் உண்டு: ரோஸ்வித்தா ஸைட்லர். அவளுடைய அப்பா பீங்கான் ஆலையில் காபிக் கோப்பைகளுக்குக் காது ஒட்டியவர். மகள் நூரன்பெர்க் நகரம் வரை போய்ச் சிற்பக்கலை படித்துத் திரும்பி, காதும் மூக்கும் இல்லாத உருவங்களாகச் செய்ய ஆரம்பித்தாள். வங்கி வாசலில் அவள் நிறுத்திய ‘எல்லை மூன்று’ என்ற சிற்பத்துக்கு ஊர் வைத்த பெயர் ‘பல்வலி’. பள்ளிக்கூடத்தில் வைத்த ‘சுவாசம்’, ‘விழுந்த அடுப்பு’ ஆயிற்று. யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. வழி சொல்ல வசதியாக இருந்தது, அவ்வளவுதான். பல்வலி தாண்டி இடது பக்கம் திரும்பு என்றால் தபால்காரருக்குக்கூடப் புரியும்.

வயிற்றுப்பாட்டுக்கு அவள் பறவைகள் குளிக்கும் கல்தொட்டி செய்தாள், வீட்டு எண் வெட்டினாள். கலைக்குத் தேவையான கல் கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்தது. அந்த ஊரில் செத்தவர்களுக்கும் இடம் வாடகைக்குத்தான். இருபது வருடம் ஆனதும் யாராவது வந்து புதுப்பிக்க வேண்டும். வராவிட்டால் கல்லின் நெற்றியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, தவணைத் தேதியும் போட்டுவிடுவார்கள். அதுவும் தாண்டினால் கல்லை நொறுக்கிச் சாலைக்கு ஜல்லியாக்கிவிட்டு, அந்த இடத்தில் புல் விதைப்பார்கள். தோட்டத்துப் பொறுப்பாளன் கிலியான் ஷோடல், ரோஸ்வித்தாவின் பள்ளித் தோழன். ஜல்லியாகப் போகிற கற்களில் நல்லதாகப் பார்த்து அவளுக்குத் தள்ளிவிடுவான். இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை.

அந்த வருடம் வசந்தத்தில், ரொட்டிக்கடை வாசலுக்கு ஒரு சிற்பம் வேண்டுமென்று நகரசபை கேட்டது. கோடைத் திருவிழாவில் திறப்பு. ரோஸ்வித்தா கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிவந்தபோது அந்தக் கல் கண்ணில் பட்டது. கன்னங்கரேல் என்று, ஓர் ஆளின் முழங்கால் உயரத்துக்குத் தடிமனாக, மேல்விளிம்பு மெல்ல வளைந்து. கவிழ்த்துப் போட்டால் சுருண்டு தூங்கும் நாயின் முதுகேதான். முன்பக்கம் ‘குனிகுண்டா ப்ரெல்’ என்று பெயர். ஸ்டிக்கரில் அக்டோபர் முடிவு வரை தவணை.

“ஆறு மாசம் இருக்குடி,” என்றான் கிலியான். “அந்தம்மாவோட பையன் இருக்காரு. ஆல்வின், பஸ் ஓட்டினாரே, அவர்தான். இதயத்துல ஆபரேஷனாம். வடக்கே கீல் நகரத்துல மக வீட்ல படுத்திருக்காரு.”

“வயசென்ன?”

“எழுபத்தஞ்சு இருக்கும்.”

“அப்ப வரமாட்டார்டா.”

கிலியான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றான். படித்தவர்களுக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதை உண்டு, தேவையில்லாத நேரத்தில்.

பெயர் இருக்கும் பக்கத்தைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும் என்பது இருவருக்குள்ளும் உள்ள ஒப்பந்தம். திருவிழா நெருங்கியதால், கல்லைக் கவிழ்த்து நாயைச் செதுக்கி முடித்தவள் பெயரை அப்படியே விட்டுவிட்டாள். எப்படியும் அது சிமெண்ட் மேடையைத்தான் பார்க்கப் போகிறது.

நாயை ஊருக்குப் பிடித்துப்போனது. அவள் செய்த ஒன்றை அவள் நினைத்த பெயரிலேயே ஊர் கூப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. குழந்தைகள் ஏறி உட்கார்ந்து நழுவினார்கள். கடைக்கார அம்மாள் நிஜ நாய்களுக்காகப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். ரோஸ்வித்தா காரணமில்லாமல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ரொட்டி வாங்கப் போனாள்.

செப்டம்பரில் ஆல்வின் ப்ரெல் திரும்பி வந்தார். பாதியாக இளைத்து, கையில் தடியோடு. நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். அங்கே புல் நன்றாக முளைத்திருந்தது.

“ஜல்லியாப் போயிடுச்சு ஆல்வின். ஏதோ தேதிக் குழப்பம்,” என்று கிலியான் அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டான். சொன்ன கையோடு ரோஸ்வித்தாவுக்குப் போன் போட்டான். “வரமாட்டார்னியே. வந்துட்டாரு.”

அதற்கப்புறம் தினமும் காலையில் ஆல்வின் ரொட்டிக்கடை மேடையின் விளிம்பில் உட்கார்ந்திருப்பார், ஒரு கையில் காபி, இன்னொரு கை நாயின் கழுத்தில். தினமும் வணக்கம் மட்டும் சொல்லி நழுவிய ரோஸ்வித்தாவை ஒரு நாள் கூப்பிட்டார்.

“ரோஸ்வித்தா, இங்க வா. வெயில்ல இது எப்படிச் சூடேறியிருக்கு பாரு. பல்வலி செஞ்ச கைதானா இது?”

“அவசரமாப் போறேன், ஆல்வின். வணக்கம்.”

“எங்கம்மா கல்லும் இப்படித்தான் கறுப்பு. ஸ்வீடன்லேருந்து வரவழைச்சேன். எடுத்துட்டுப் போய் வீட்டுத் தோட்டத்துல வச்சுக்கலாம்னு இருந்தேன். இப்ப எந்த ரோட்டுல கிடக்காளோ. பஸ் ஓட்டினவன் அம்மா ரோட்டுல கிடக்கறது பொருத்தம்தான், இல்ல?”

சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பை வீட்டுக்கு எடுத்துப்போய் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் உறைபோட்ட ரொட்டி வாங்கினாள். அந்த ஊரில் ஒருத்தி அப்படி வாங்கினால், அவளுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

அதனால் ஆல்வின் நலம் விசாரிக்கப் பட்டறைக்கே வந்துவிட்டார், பிளம்பழக் கேக்கோடு.

“என்ன, ஆளையே காணோம்? இதயமா? இதயம்னா என்னைக் கேளு, நான் இப்ப அதுல டாக்டர் மாதிரி.”

“ஒண்ணுமில்ல.”

“அப்ப ஒரு வேலை செஞ்சு குடு. சின்னக் கல்லாப் போதும். அம்மா பேரை மட்டும் வெட்டு. வேற யார்கிட்டயும் போக மாட்டேன். அந்த நாயைச் செஞ்சவதான் வெட்டணும்.”

ரோஸ்வித்தா கையிலிருந்த உளியை வைத்தாள். கேக்கைத் தொட முடியவில்லை.

“உங்கம்மா கல் இருக்கு, ஆல்வின்.”

“எங்க?”

“ரொட்டிக்கடை வாசல்ல.”

“நாய் பக்கத்துலயா? நான் பாக்கலையே.”

“நாயே அதான். பேரு அடியில இருக்கு. தவணை முடியலேன்னு எனக்குத் தெரியும். நான்தான் எடுக்கச் சொன்னேன். நீங்க திரும்பி வரமாட்டீங்கன்னு சொல்லி.”

ஆல்வின் கேக் பெட்டியைத் திரும்ப மூடினார்.

“எங்கம்மாவுக்கு நாய்னாலே ஆகாது,” என்றார். பிறகு, “தினமும் வணக்கம் சொல்லிட்டுப் போனியே,” என்றார். கேக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அவரே போன் செய்தார். “கல்லைத் திருப்பிப் போடணும். கிலியானோட இயந்திரத்தைக் கொண்டு வா.”

குழி தோண்டும் சின்ன இயந்திரத்தில் பட்டையைக் கட்டித் தூக்கி, ஊரே பார்க்க நாயை மல்லாத்தினார்கள். கடைக்கார அம்மாள் மாவுக்கையோடு ஓடி வந்தாள்.

“ஐயய்யோ, இதென்ன, செத்துக் கிடக்கிற மாதிரி! குழந்தைங்க எங்க உக்காரும்?”

“குழந்தைங்க வீட்ல உக்காரட்டும்,” என்றார் ஆல்வின்.

நகரசபையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து, இதற்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். “சிற்பம் இப்பதான் முடிஞ்சது,” என்றாள் ரோஸ்வித்தா. அவர் கலையைப் பற்றி வாதம் செய்யத் தயாராக வரவில்லை. போய்விட்டார்.

பெயர் அப்படியே இருந்தது. எழுத்துகளின் பள்ளங்களில் மட்டும் மேடைச் சிமெண்ட் அடைத்துக்கொண்டிருந்தது. ஆல்வின் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. திரும்பி அவளைப் பார்த்தார். அவள் கம்பித் தூரிகையை எடுத்து மண்டியிட்டு, முதல் எழுத்திலிருந்து சுரண்ட ஆரம்பித்தாள். ரொட்டி வாங்க வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஆல்வின் தடியை ஊன்றி மேலே நின்றுகொண்டிருந்தார்.

“அந்த மூலையில இன்னும் இருக்கு,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத. எனக்கு முட்டி மடங்காது, அதான் உன்னைச் சுரண்ட விடறேன்.”

“தெரியும்,” என்றாள் ரோஸ்வித்தா. அடுத்த எழுத்துக்கு நகர்ந்தாள்.