ஸ்டிக்கருக்குப் பின்னால் பென்சீன்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனிக்குள் யாரும் படமெடுக்கக் கூடாதென்று கேட்டிலேயே போன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். இன்று அதைப் பிரிக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மகளின் பிளஸ் ஒன் வகுப்பு வாட்ஸ்அப் குரூப் என் போனில்தான் ஓடுகிறது. "பென்சீன் பாண்டிங் வரைஞ்சு அனுப்புடி, நாளைக்கு டெஸ்ட்டு" என்று எல்லோரும் அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் அவள்தான் ஃபர்ஸ்ட்.

ஸ்டிக்கரைப் பிரிக்கப் போனேன்.

"இருக்கட்டும்மா, பிரிக்காத."

"இன்னாடி, படம் கறுப்பா வுழுமே?"

"எனக்கே அந்த பாண்டிங் புரியலம்மா. கறுப்பாவே வுழட்டும்."

வெறும் நோட்டைப் படமெடுத்து அனுப்பியும் விட்டாள். இன்றோடு இவள் மானம் போயிற்று என்று நினைத்தேன்.

முதல் பதில் வந்தது: "தேங்க்ஸ்டி, இப்போதான் புரிஞ்சுது."

அடுத்தவள்: "எனக்கும் இதே ஆன்சர்தான் வந்துச்சு."

நாளைக்குப் பேப்பர் திருத்தப்போகும் டீச்சர் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், கண்ணில் ஒட்டிக்கொள்ள உங்களுக்கும் ஒரு ஸ்டிக்கர் கொடுத்தனுப்புகிறேன்.