சந்தனம் அப்பிய பர்னர்

அந்த ஜெர்மன் வேதியியலாளரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கரும்பலகையில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மனிதர். ஆய்வகத்து கேஸ் பர்னருக்கு அவர் பெயர்தான். பள்ளத்தூரில் நான் வேதியியல் நடத்தும் பள்ளியில் எந்தப் பிள்ளையை எழுப்பிக் கேட்டாலும் கடகடவென்று அந்தப் பெயரைச் சொல்லும். அந்தப் பர்னர் எரிந்து பார்த்த பிள்ளைதான் ஒன்றுகூடக் கிடையாது.

நடையாய் நடந்து, கெஞ்சி, இந்த வருடம்தான் சிலிண்டர் வந்தது. வந்த கையோடு, ஆய்வகத்தை எடுத்துவிட்டு அங்கே பெரிய திரை வைத்த வகுப்பறை அமைக்கப் போகிறார்கள் என்றார்கள். ஆயுத பூஜை விடுமுறை கழிந்தால் ஒரு வாரம்தான் மிச்சம். அதற்குள் பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு தடவையாவது அந்த நீலத் தீயைக் காட்டிவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தலைமையாசிரியரிடம் போய் நின்றேன்.

"பேரை எழுதுனா மார்க்கு விழுந்துருதுல்ல. தீயைக் காட்டி என்னங்கம்மா செய்யப் போறீக?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரிடம் பேசுவதும் செவிடன் காதில் சங்கு ஊதுவதும் ஒன்று. வந்துவிட்டேன்.

விடுமுறை முடிந்த அன்று காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து, பிள்ளைகளை மேசையைச் சுற்றி நிறுத்தினேன். பர்னரைத் திறந்து தீக்குச்சியை நீட்டினால், குபுக்கென்று மஞ்சள் தீயும் கரும்புகையும். அடுத்ததும் அதே லட்சணம். இன்னொன்று பற்றவே இல்லை. குனிந்து பார்க்கிறேன், காற்றுப் புகும் ஓட்டை, வாயு வரும் துளை எல்லாம் காய்ந்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். ஆய்வக உதவியாளர் அக்கா பூஜைக்கு ஒன்று விடாமல் அப்பியிருக்கிறார். பொட்டு வைக்காமல் பூஜை போடுவது எப்படி என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். திட்ட வாய் வரவில்லை. அன்றைக்குச் சுண்டலைத் தின்றுகொண்டு நானும் பக்கத்தில்தானே நின்றேன். எங்கோ பிறந்த மனிதருக்கு இங்கே சந்தனமும் குங்குமமும். புகழ் என்றால் இதுவல்லவா புகழ், கர்மம்.

ஊசியும் ஊக்குமாக எல்லோரும் உட்கார்ந்து குடைந்தோம். மணி அடிக்கப் போகிற நேரத்தில் ஒரே ஒரு பர்னர் வழிக்கு வந்தது. பற்றவைத்தேன். துளிப் புகையில்லாமல், சுத்தமான நீலம். காற்றையும் வாயுவையும் முதலில் கலந்துவிட்டு அப்புறம் எரிப்பதுதான் இதன் சூட்சுமம் என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தேன். ஒரு முகத்திலும் ஒன்றுமில்லை.

சிங்கம்புணரிப் பக்கத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி, எதிலும் வாயே திறக்காதவள், மெல்லக் கேட்டாள்.

"எங்க வீட்டு கேஸ் அடுப்புலயும் இப்படித்தான டீச்சர் எரியிது? நாந்தான் தெனமும் பத்தவைக்கிறேன்."

ஆமாம், அதேதான். அடியில் காற்றுப் புகும் ஓட்டை, மேலே நீலத் தீ. அந்த ஜெர்மன்காரரின் வித்தைதான் வீட்டுக்கு வீடு சோறு பொங்குகிறது. அன்று காலையில் பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டுத்தான் நானும் பஸ் ஏறியிருந்தேன். ஒருநாள்கூட எனக்கு உறைக்கவில்லை. அடுப்பும் அதுதான் என்றேன்.

"அப்ப இதக் காட்டவா டீச்சர் சிலிண்டர் வரட்டும்னு இம்புட்டு நாளு காத்திருந்தீக?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.