தன்யகுமார் சொன்ன வாட்டம்

செங்கம் சாலையிலிருந்து பிரிந்து போகும் தெருவொன்றில் குணமதியின் வீடு. மாடியில் இருந்த இரண்டு அறைகளையும் ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். கணவர் தன்யகுமார் முப்பத்தோரு வருஷம் சர்வேயராக மாவட்டம் முழுக்க நிலம் அளந்தவர். ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷமே பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றையும் ஒரே காலையில் கொண்டுபோய்விட்டது. கால் மட்டும் பாதி திரும்பி வந்தது. வாக்கரைப் பிடித்து நடப்பார். பேச்சு ஒரு நாளைக்கு ஏழெட்டுச் சொல்லோடு நின்றுவிட்டது.

பின்வாசலைத் திறந்தால் மலை முழுசாகத் தெரியும். ஆனால் அங்கே தரை மேடும் பள்ளமுமாய்க் கிடந்தது. கல் பாவி மட்டமாக்கிவிட்டால் அவர் தாமாகவே வெளியே போய் உட்காரலாமே என்று குணமதிக்குத் தோன்றியது. மாடியில் தங்கியிருந்த ஒருவர் பிரசாத் என்ற காண்ட்ராக்டரைச் சொன்னார். பிரசாத் வந்து செல்போனில் படங்கள் காட்டினான். ஒவ்வொன்றும் அரண்மனை முற்றம் மாதிரி இருந்தது.

"பத்து நாள்ல முடிச்சுக் குடுத்துடறேன் மேடம். நீங்க வந்து பாக்கக்கூட வேணாம்."

வேலை நடந்த நாட்களில் தன்யகுமார் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஆறாம் நாள் மத்தியானம் இடது கையை நீட்டி, "வாட்டம்" என்றார்.

குணமதி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவர் முகம் சிவந்து வேர்த்திருந்தது. "வாட்டமா இருக்குதாங்க? வெயில் ஜாஸ்தி. உள்ள வாங்க."

"வாட்டம்... வாட்டம்!" அவர் வாக்கரின் காலை ஓங்கித் தட்டினார்.

இந்த நோயாளிகளுக்கு மனச்சோர்வு வரும், கோபம் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவள் அவர் தோளை அணைத்து மெதுவாக எழுப்பி உள்ளே கூட்டிப்போய், மின்விசிறியைப் போட்டு, பின்கதவைச் சாத்தினாள். பிரசாத் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தான். அந்தச் சொல் அவன் காதிலும் விழுந்தது. கேட்டுவிட்டு, குனிந்து கலவையைக் கிளறினான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை அவள் பால் வாங்கப் போயிருந்த நேரம், தன்யகுமார் கதவைத் திறந்து வெளியே கால் வைத்தார். வாசற்படியை ஒட்டித் தண்ணீர் தேங்கியிருந்தது. அதற்கடியில் ஒரு கல் உள்வாங்கியிருந்ததும் தெரியவில்லை. வாக்கர் சரிந்தது. இடுப்பெலும்பு முறிந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அவர் எழுந்து நிற்கவில்லை. இருந்த ஏழெட்டுச் சொல்லும் போயிற்று. பிரசாத் ஒரு தடவைதான் போனை எடுத்தான். "மழை ஜாஸ்தி மேடம், அதுக்கு நான் இன்னா பண்றது?" அப்புறம் எடுக்கவே இல்லை.

தளத்தை மறுபடி போட ஆள் தேடியபோது குணமதி யாருடைய படத்தையும் பார்க்கவில்லை. மழை விட்ட காலைகளில், கணவருக்குத் துணையாகத் தங்கை மகள் தீக்ஷாவை வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்துக் கல் பாவிய வீடுகளைத் தேடிப் போனாள். "உங்க வாசல்ல தண்ணி நிக்குதான்னு பாத்துக்கலாமா?" என்று கேட்டாள். சிலர் கதவையே திறக்கவில்லை. அடி அண்ணாமலையில் ஒரு வீட்டு முற்றம் காய்ந்து கிடந்தது. அந்த வீட்டம்மா சொன்னாள்: "நாலு வருஷம் ஆச்சு, ஒரு கல்லு அசையல. திருமலைனு ஒருத்தர். வாய்தான் கொஞ்சம் கடுசு."

திருமலை வந்ததும் பேசாமல் ஒரு குடம் தண்ணீரைக் கல்லின்மேல் ஊற்றினார். தண்ணீர் வாசற்படியை நோக்கி வந்தது.

"வாட்டம் பாக்காம எவன்மா இதப் போட்டது?"

குணமதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "வாட்டம்னா?"

"தண்ணி ஓடறதுக்கு விடற சரிவு. தோட்டத்துப் பக்கம் இருக்கணும். இங்க ஊட்டப் பாத்து இருக்குது."

அவள் ஈரக்கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து உள்ளே போய்க் கட்டிலருகே நின்றாள். "நீங்க சொன்னீங்க. நாந்தான் உங்களுக்கு ஒடம்புக்கு முடியலன்னு நெனச்சு கதவச் சாத்திட்டேன்." தன்யகுமார் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று சாயங்காலம், சமணர் வழக்கப்படி பொழுது சாய்வதற்கு முன் அவள் கொண்டுவந்த சாப்பாட்டையும் தொடவில்லை.

திருமலை தை பிறந்துதான் வருவேன் என்றார். "ஈர மண்ணுல கல்லு வெச்சா மறுபடியும் எறங்கும்." தட்டிக் கழிக்கிறாரோ என்று குணமதிக்குப் பயம். வேறொருவர் நாளைக்கே வருவதாகச் சொல்கிறார் என்றாள். "அப்ப அவரயே வெச்சுக்கோங்க" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் யோசித்து அவளே அவருக்குப் போன் செய்தாள்.

தை நாலாம் தேதி சொன்னபடி வந்தார். எல்லாக் கல்லையும் பெயர்த்து, மூன்று நாள் மண்ணை இடித்தே கெட்டிப்படுத்தினார். பாவி முடித்த அன்று, "நயினாரக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். சமணக் குடும்பத்து ஆண்களை அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நெலம் அளந்தவரு. அவரு பாக்கட்டும்."

சக்கர நாற்காலியை வாசலில் நிறுத்தினாள். திருமலை குடத்தைக் கவிழ்த்தார். தண்ணீர் தோட்டத்தை நோக்கி ஓடியது. தன்யகுமார் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கை மெல்ல எழுந்து வடக்கு மூலையைக் காட்டியது.

"அங்க."

மூன்று மாதத்தில் அதுதான் முதல் சொல். திருமலை போய்க் குனிந்தார். இரண்டு கல்லுக்கு நடுவே கையகலத் தண்ணீர் நின்றிருந்தது. "அட, எங் கண்ணுக்கே தப்பிச்சிடுச்சே நயினாரே!" என்று அந்த இரண்டையும் பெயர்க்க உட்கார்ந்தார்.

அந்தத் தளத்தில் தன்யகுமார் ஒரு நாளும் நடக்கவில்லை. இனி நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குணமதிதான் தினமும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துகிறாள். அவர் ஒரு சொல் சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்து, "எதுங்க? இதுவா? அதுவா?" என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்கிறாள். சில நாள் அரை மணி நேரத்தில் புரிந்துவிடுகிறது. சில நாள் கடைசிவரை புரிவதில்லை. அவர் கோபித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார். அப்போதும் அவள் எழுந்து போவதில்லை.