இல்டாவின் பக்கத்துக் கதவு

பிரிஸ்பேனுக்கு வெகு வடக்கே, இங்காம் பக்கத்துக் கரும்புக்காட்டு இத்தாலியர்களில் மனைவியைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறவன் யார் என்று கேட்டால், மாதா கோயிலுக்கு வரும் பெண்கள் எல்லாரும் நெல்லோ ஸானெட்டியைத்தான் கைகாட்டுவார்கள். பூசைக்கு வண்டி வந்து நின்றதும் நெல்லோ இறங்குவான். சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வான். முன்பக்கமாகச் சுற்றி வந்து, இல்டாவின் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பான். கல்யாணமானாலும் சாவானாலும் இதில் மாற்றமில்லை. கொட்டுகிற மழையில்கூட ஒரு கையால் தொப்பியை அமுக்கிக்கொண்டு வந்து திறப்பான்.

"எங்க வீட்டு ஆள் வண்டி நிக்கறதுக்குள்ள பாதித் தெருவைத் தாண்டியிருப்பான். நீ குடுத்து வச்சவ, இல்டா" என்பாள் நிவெஸ். பக்கத்துத் தோட்டத்துப் பெப்பியின் மனைவி அவள்.

இல்டா சிரித்து மழுப்பிவிடுவாள்.

விஷயம் இதுதான்: அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. வண்டி பழைய வெள்ளை ஸ்டேஷன் வேகன். பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் உள்கைப்பிடியை இழுத்தபோது கதவுக்குள் ஏதோ மடக்கென்று முறிந்தது. அதற்கப்புறம் கைப்பிடி தொளதொளவென்று ஆடியதே தவிர கதவு அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுகிறேன் என்றான் நெல்லோ. ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்துக் கண்ணாடியும் நாலு விரல் இறங்கியதோடு நின்றுவிட்டது. கையை வெளியே விட்டுத் திறக்கவும் வழியில்லை. பின்னால் இருக்கைகளின் மேல் எப்போதும் உர மூட்டையும் பம்பு செட்டுக் குழாயும் கிடக்கும். ஓட்டுகிறவன் பக்கமாக இறங்கலாமென்றால் நடுவில் கியரும் ஹேண்ட்பிரேக்கும் துருத்திக்கொண்டு நிற்கும். இல்டாவுக்கு அறுபதை நெருங்குகிற வயது, கனத்த உடம்பு, மடங்காத இடது முழங்கால். நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு நாலு பேர் முன்னால் அதைத் தாண்ட முடியுமா?

ஆரம்பத்தில் அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. நிவெஸ் முதல்முறை அப்படிச் சொன்னபோது, ஐயோ அது உடைஞ்ச கதவும்மா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லாரும் பார்க்க ராணி மாதிரி இறங்குவது யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் கோயில் வாசலில் மட்டும் வண்டி நிற்பதில்லையே. கிளப் வாசலிலும் நின்றது. "ஒரு நிமிஷம், பெப்பிகிட்ட ஒரு வார்த்தை" என்று நெல்லோ இறங்கிப் போவான். ஒரு வார்த்தை ஒரு சீட்டாட்டமாகும், இரண்டு பீராகும். பிப்ரவரிக் கோடை வெயிலில் வண்டி அடுப்பாகக் கொதிக்கும். நாலு விரல் இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு இல்டா உட்கார்ந்திருப்பாள். அறுவடைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டரை அவள்தான் ஓட்டுவாள். காருக்கு மட்டும் லைசென்ஸ் எடுக்கவில்லை. கார் நெல்லோவுடையது என்பது அந்த வீட்டில் பேசாமலே தீர்ந்துபோன சங்கதி.

அவளுக்கு இந்த ஊரில் சிநேகிதி என்றால் ரொசீனா ஒருத்திதான். இரண்டு பேரும் ஒரே கப்பலில் புதுப்பெண்களாக வந்து இறங்கியவர்கள். ஒருத்திக்குப் பிரசவமென்றால் மற்றவள் பொலெந்தா என்கிற சோளக்களி கிண்டி எடுத்துக்கொண்டு ஓடுவாள். ரொசீனாவின் புருஷன் செத்து, தோட்டமும் கைமாறி, கடைசியில் அவள் பிரிஸ்பேனில் இருக்கும் மகளோடு போய்ச் சேர்வதென்று முடிவானது. இனி இந்தப் பக்கம் வரமாட்டாள். சனிக்கிழமை மத்தியானப் பஸ்.

இல்டா தன் கையால் செய்த பன்றியிறைச்சிச் சலாமியும், எண்ணெயில் ஊறிய கத்தரிக்காய் ஒரு ஜாடியும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பஸ் நிற்குமிடம் கிளப்புக்கு எதிர்ச்சாரி. நெல்லோ வண்டியைக் கிளப் வாசலில் நிறுத்தினான். பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது, ஒரு நிமிஷம் என்றான். கதவைத் திறந்துவிட்டுப் போ என்று இல்டா சொல்லி முடிப்பதற்குள் அவன் படியேறிவிட்டிருந்தான்.

பஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ரொசீனா இரண்டு பெட்டிகளோடு நடைபாதையில் நின்றுகொண்டு இப்படியும் அப்படியும் பார்த்தாள். வெள்ளை வண்டி கண்ணில் பட்டதும் முகம் மலர்ந்து கையை ஆட்டினாள். இல்டா இடுக்கு வழியாக விரல்களை நீட்டி ஆட்டினாள், கூப்பிட்டாள். பஸ்ஸின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. மழை வேறு வண்டித் தகரத்தில் இறங்கத் தொடங்கியிருந்தது. ரொசீனா காத்திருந்தாள். இல்டா எட்டி ஹாரனை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள்.

கிளப் ஜன்னலில் சிரிப்பு கேட்டது. "நெல்லோ, உங்க ராணி கூப்பிடறாங்க" என்று யாரோ சொன்னார்கள். நெல்லோ ஜன்னல் வழியாக உள்ளங்கையைக் காட்டினான்: வரேன், வரேன்.

ரொசீனா ஜன்னலைப் பார்த்தாள். வண்டியைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கும் இல்டாவைப் பார்த்தாள். ரொசீனாவின் முகம் மாறிப்போனது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள். அந்த முகம் என்ன நினைத்தது என்று இல்டாவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரைவிட்டே போகிறேன், அப்போதும் புருஷன் வந்து கதவைத் திறந்தால்தான் இறங்குவாயா?

இல்டா ஜாடியைக் கீழே போட்டுவிட்டு கியரைத் தாண்டினாள். பாவாடை ஹேண்ட்பிரேக்கில் மாட்டித் தொடைவரை கிழிந்தது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்துக் கண்ணில் பொறி பறந்தது. அந்தப் பக்கக் கதவைத் தள்ளித் தெருவில் விழாத குறையாக இறங்கியபோது பஸ் மூலையில் திரும்பிக்கொண்டிருந்தது.

கிளப் படியில் இரண்டு பேர் கிளாஸோடு நின்று பார்த்தார்கள். இல்டா உள்ளே போகவில்லை. கிழிசலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மழையில் தெருக்கோடிக்கு நடந்தாள். அங்கே லின்ட்ஸே என்பவனின் காயலான் கடை இருந்தது. செத்த கார்களைப் பிரித்து விற்கிறவன். கதவின் உள்கைப்பிடி வேண்டும் என்று வண்டியின் மாடலைச் சொன்னாள்.

லின்ட்ஸே அவளை மேலும் கீழும் பார்த்தான். "மூடற நேரம், மிஸஸ் ஸானெட்டி. இதுக்கு நீங்க ஏன் அலையறீங்க? நெல்லோவை அனுப்புங்க, எடுத்துக் குடுக்கறேன்."

"நெல்லோவுக்குக் கதவு திறக்குது. எனக்குத்தான் திறக்கல."

அவன் கழுத்தைச் சொறிந்தான். அதே மாடலில் பச்சை வண்டி ஒன்று கடைசி வரிசையில் கிடக்கிறது, கழுத்தளவு புல், பாம்பு இருந்தாலும் இருக்கும் என்றான். இல்டா திருப்புளி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினாள்.

அவள் கார்க் கதவைப் பிரித்தவள் இல்லை. ஆனால் பம்பையும் தையல் மெஷினையும் பிரித்துப் பூட்டியவள். எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தாள். கைவைக்கிற கட்டையின் ஸ்க்ரூக்கள், கண்ணாடி சுற்றும் பிடி, அப்புறம் ஓரமெல்லாம் கிளிப் போட்டு அமுக்கிய உள்பலகை. அவசரத்தில் நெம்பியதில் கிளிப்புகள் சில உடைந்தன. பச்சை வண்டிதானே, போகட்டும். உடைந்ததில்தான் அதை எங்கே நெம்பக் கூடாது என்று தெரிந்தது. கைப்பிடியின் பின்னாலிருந்து ஒரு மெல்லிய ராடு பூட்டுக்குப் போனது. கைப்பிடியை இழுத்தால் ராடு இழுக்கும்; ராடு இழுத்தால் பூட்டு விடும். இவ்வளவுதானா, என்று நினைத்தபோது அவளுக்கு ஆத்திரம் இரண்டு மடங்காயிற்று.

நெல்லோ ஊரெல்லாம் தேடிக் கடைசியில் வண்டியோடு அங்கே வந்தான். இல்டா டயர்க் குவியலின் மேல் கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் சுற்றி வந்து கதவைத் திறந்து பிடித்தான். அவள் அதைத் தாண்டிப் போய்ப் பின்கதவைத் திறந்து, உர மூட்டையைத் தள்ளிவிட்டு அதன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வீடுவரை அப்படியே வந்தாள்.

மறுநாள் காலையில் நெல்லோ சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தால், வண்டியின் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்பலகை புல்தரையில் கிடந்தது. இல்டா பழைய கவுனில் இருக்கையில் உட்கார்ந்து கதவின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள்.

"பூசைக்கு நேரமாச்சு" என்றான்.

"தெரியும்."

"இன்னிக்கு நானே பார்த்துடறேன்னு இருந்தேன், இல்டா. வந்தப்புறம்..."

"நீ போ. இதை முடிக்காம நான் இறங்க மாட்டேன்."

 அவன் உள்ளே போய்ப் பெப்பிக்குப் போன் செய்தான். பெப்பியின் வண்டியில் ஏறிப் போகும்போது திரும்பிப் பார்த்தான்; அவள் தலையைத் தூக்கவில்லை.

கதவின் அடியில் அவள் விரலில் ஏதோ இரும்புத் துண்டு தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். முன்னால் முறிந்த பழைய கைப்பிடியின் முனை. உள்ளே விழுந்து, கண்ணாடியை இறக்குகிற இரும்புக் கையின் குறுக்கே இத்தனை காலமும் சிக்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. அதை எடுத்ததும் கண்ணாடிப் பிடியைச் சுற்றினாள். கண்ணாடி முக்கி முனகி அடிவரை இறங்கியது. இல்டா வாய்விட்டு நல்ல இத்தாலியக் கெட்டவார்த்தை ஒன்றைச் சொன்னாள். மாமரத்திலிருந்த பறவைகள்தான் கேட்டன.

பச்சை வண்டியின் கைப்பிடியை மாட்டும்போது, ராடைப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப் கை பட்டதும் பொடிந்துபோயிற்று. அவள் தோட்டத்துக் குழாயில் ஒரு சின்ன வளையம் வெட்டி ராடின் முனையில் செருகி, கட்டுக்கம்பியால் இறுக்கினாள். பூட்டில் கிரீஸ் தடவினாள். கதவை மூடாமலே, திறந்த கதவின் பூட்டைத் திருப்புளியால் மூடினாற்போல் தள்ளிவிட்டு, கைப்பிடியை இழுத்தாள். டக்கென்று விட்டது. மறுபடி. மறுபடியும் விட்டது. அப்புறம்தான் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். இழுத்தாள். காற்று முகத்தில் அடித்தது.

உள்பலகையை மாட்டிக்கொண்டிருக்கும்போது பெப்பியின் வண்டி திரும்பி வந்தது. நிவெஸ் மூடி போட்ட சூப்புப் பாத்திரத்தோடு இறங்கினாள். இல்டாவின் கிரீஸ் கைகளைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"உனக்குக் காய்ச்சல்னு நெல்லோ சொன்னானே?"

"காய்ச்சல் இல்ல. கதவு." இல்டா எழுந்து நின்றாள். "இந்தக் கதவு உள்ள இருந்து திறக்காது, நிவெஸ். அதனாலதான் அவன் வந்து திறந்தான். இத்தனை வருஷமும் அதுக்குத்தான்."

பெப்பி சிரிக்க ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். நெல்லோவுக்குக் காது சிவந்துவிட்டது. "அதான் சரி பண்றோமே" என்றான்.

"பண்றோம் இல்ல. பண்றேன்."

நிவெஸ் பாத்திரத்தை வண்டியின் மேல் வைத்தாள். உள்ளே ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, தானே திறந்து இறங்கினாள்.  போகும்போது இல்டாவின் கிரீஸ் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

சாயங்காலம் நெல்லோ படிக்கட்டில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். கடைசியில் சொன்னான்: "என்னைப் பத்தி இந்த ஊர்ல நல்லதா சொன்ன ஒரே விஷயம் அதுதான், இல்டா."

 பொய்யில்லை அது. கரும்பிலும் அவன் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை, பேச்சிலும் கெட்டிக்காரன் இல்லை. இல்டாவுக்கு மனசு இளகத்தான் பார்த்தது. அவள் விடவில்லை.

"அதுக்கு நான் உள்ள கிடந்து வேகணுமா? நல்லவன்னு பேர் வேணும்னா வேற எதாவது செய். செய்யறதுக்கு எவ்வளவோ இருக்கு."

 அவன் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இல்டா அவனைத் தாஜா செய்யவில்லை. சோற்றை வைத்தாள், தன் வேலையைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் பிரிஸ்பேனுக்குப் போன் போட்டாள். ரொசீனா எடுத்தாள், குரல் விறைப்பாக இருந்தது. வெயில், மகள், பேரப்பிள்ளை என்று கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. இல்டா சுற்றி வளைக்காமல் கதவு, கண்ணாடி, ஹாரன், கிழிந்த பாவாடை எல்லாவற்றையும் சொன்னாள். 

"பஸ்ல டவுன்ஸ்வில் வரைக்கும் அழுதேன்டி" என்றாள் ரொசீனா. "இவ இவ்வளவு பெரிய ஆளாயிட்டாளான்னு."

"நான் அழல. திட்டினேன்."

"என்னையா?"

"என்னை. முதல் நாளே சொல்லியிருக்கணும்."

அப்புறம்தான் ரொசீனா பழையபடி பேச ஆரம்பித்தாள். மகள் வீட்டு மாடியில் தக்காளி வைக்க இடமில்லையாம். கடைச் சலாமி ரப்பர் மாதிரி இருக்கிறதாம். சலாமியை நானே கொண்டு வருகிறேன், ஜூலையில் வருகிறேன் என்றாள் இல்டா.

சமையலறையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த நெல்லோவின் கத்தி நின்றது. "ஜூலையா? அப்ப கரும்பு வெட்டு ஆரம்பிச்சிருக்குமே. டிராக்டரை யார் ஓட்டறது?"

இல்டா போனைக் கையால் பொத்தவில்லை. "ஆள் போட்டுக்கோ" என்றாள். பிறகு ரொசீனாவிடம், தரையில் மெத்தை வேண்டாம், முழங்காலுக்குத் தோதாகக் கட்டில் ஒன்று பார்த்து வை என்றாள்.

ஜூலையில் போனாள். கரும்பு பாதி வெட்டி முடிந்த பிறகுதான் திரும்பி வந்தாள்.